பத்து வரை எண்ணியவள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல, கேட்டு வாங்கப்பட்டது. என் மகள் படிக்கும் பள்ளியின் மனநல ஆலோசகர் போனில் கூப்பிட்டார். "சார், வளர்ற பிள்ளைங்க கோபத்தை எப்படிக் கையாளணும்னு பள்ளி மலருக்கு ஒரு சின்னக் கதை வேணும். சிரிப்பா இருக்கட்டும். தண்ணி குடிக்கிறது, பத்து வரை எண்ணுறது, மனசுல இருக்கிறதை நிதானமா சொல்றது, மூணும் வரணும்."

ஒப்புக்கொண்டேன். அடுப்படியிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "ஊருக்குத்தான் உபதேசம்!"

பதினைந்து வயது மகள் என்னோடு பேசி அன்றோடு ஒன்பது நாள் ஆகியிருந்தது.

2

முதல் தொடக்கம்: 'முன்கோபக்காரப் பையன் ஒருவன்...' (வேண்டாம். எனக்கே கொட்டாவி வருகிறது.)

இரண்டாம் தொடக்கம்: 'அவள் கதவை அறைந்து சாத்தியதில் சுவர்க் கடிகாரம்...' (இது நடந்தது. கடிகாரம் விழவில்லை, கதைக்காக விழ வைக்கலாமா என்று பார்த்தேன். புத்தி போகிற போக்கைப் பாருங்கள்.)

3

கதவை ஏன் சாத்தினாள் என்று சொல்லாமல் நகர முடியாது போலிருக்கிறது.

தோழியிடம் மன்னிப்புக் கேட்பதற்காக என் மகள் கண்ணாடி முன் நின்று அரைமணி நேரம் ஒத்திகை பார்த்தாள். சுவருக்கு இந்தப் பக்கம் நான் இருந்தேன், காதும் இருந்தது. அதை அப்படியே ஒரு வார இதழ்க் கதையில் இறக்கிவிட்டேன். ஆளை மாற்றினேன், ஐயா! வசனத்தைத்தான் மாற்ற மனம் வரவில்லை. தோழி படித்தாள். "ஒத்திகை பார்த்துட்டு வந்துதான் அழுதியா?" என்று கேட்டுவிட்டு இடம் மாறி உட்கார்ந்துவிட்டாளாம்.

4

ஆலோசகருக்கான கதையில் மகள் கத்துகிறாள். அப்பா பொறுமையாக மூன்று வழிகளையும் சொல்லித் தருகிறார். இரண்டு பக்கம் எழுதியும் விட்டேன். அந்த அப்பாவை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. அதனால்தான் சந்தேகமே வந்தது.

[நிஜத்தில் கத்தியது நான்.]

அன்று அவள் பள்ளி விட்டு வந்தாள். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள். என் மேசைக்கு எதிரே நின்று விரல்களை மடக்கிப் பத்து வரை எண்ணினாள்.

"அப்பா, எனக்குக் கோபமா இருக்கு. ஏன்னா, நீங்க என்னைக் கேக்காம எழுதிட்டீங்க. அது என்னோட மன்னிப்பு. உங்க கதை இல்ல."

குரல் நடுங்கியதே தவிர உயரவில்லை. பள்ளியில் சொல்லித் தந்ததை ஒன்று விடாமல் செய்தாள் பிள்ளை.

நான் என்ன செய்தேன்? "இரு, இரு, அந்தக் கடைசி வரியை இன்னொரு தடவை சொல்லு," என்று பேனாவைத் தேடினேன்.

அதற்குப் பிறகுதான் கதவு. அதற்கும் பிறகு, "பெத்த அப்பன் மூஞ்சியில கதவைச் சாத்துறியா!" என்று வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தேன்.

5

முடிவு ஒன்று: மகள் ஓடிவந்து கட்டிக்கொள்கிறாள். (ஆலோசகருக்குப் பிடிக்கும். மகள் படித்தால் சிரிப்பாள். அது நல்ல சிரிப்பாக இருக்காது.)

முடிவு இரண்டு: மகள் எழுத்தாளராகி அப்பாவைப் பற்றி... (ஐயோ.)

மூன்றாவதை எழுதாமல் எழுந்துபோய்க் கதவைத் தட்டினேன்.

"என்ன, குறிப்பெடுக்கணுமா?"

"இல்லம்மா. கேக்காம எழுதினது என் தப்பு. உன் தோழிகிட்டயும் நானே வந்து சொல்றேன்."

"பத்தெல்லாம் போதாது. இருநூறு எண்ணப் போறேன். அங்கேயே நில்லுங்க," என்றாள். நின்றேன். கால் கடுத்தது. கதவு திறந்தது.

ஒரு மணி நேரம் பேசினாள். வாயைத் திறக்காமல் கேட்டேன். எனக்கே அதிசயம்தான்.

மறுநாள் இந்தப் பக்கங்களை அவளிடமே கொடுத்தேன். இரண்டு இடத்தில் சிரித்தாள். "கதவு திறந்தது வரைக்கும் போட்டுக்கோங்க. உள்ள பேசினது கூடாது."

"முடிவு இல்லாம கதை எப்படிம்மா?"

"அது உங்க பாடு."

அவள் பேசியது ஒரு சொல் விடாமல் எனக்கு நினைவிருக்கிறது. இதைவிட நல்ல முடிவு இந்த ஜென்மத்தில் எனக்குக் கிடைக்கப் போவதில்லை. நீங்களே ஏதாவது போட்டுக்கொள்ளுங்கள்.