மண்ணெண்ணெய்த் தட்டு

அந்த வீட்டில் அவனுக்குப் பெயரே இல்லாமல் போய்விட்டது. மாமனார் மாப்பிள்ளை என்பார், மாமியார் மாப்பிள்ளை என்பார், மாமனாரின் பட்டறைக்குப் பழுதான தண்ணீர் மோட்டார் கொண்டுவருகிறவர்களும் மாப்பிள்ளை என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள். ஒருநாள் யாரோ போனில் அவனுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்க, மைத்துனி "அப்படி யாரும் இங்க இல்லையே" என்று வைத்துவிட்டாள். வீடே விழுந்து விழுந்து சிரித்தது. அவனும்தான் சிரித்தான்.

கல்யாணத்துக்கு முன்பு அவன் பைக் மெக்கானிக். அதிலும் பிரேக் வேலை என்றால் அவனைத்தான் தேடுவார்கள். கல்யாணம் ஆன கையோடு மாமனார், "ஒரு ஆறு மாசம் கூட இருங்க மாப்பிள்ளை, பட்டறையில கை குறையுது" என்று கேட்டார். அந்த ஆறு மாசம் இப்போது மூன்று வருஷம். யாரும் அவனைக் கட்டிப்போடவில்லை. உள்ளங்கையில் வைத்துத் தாங்கினார்கள், அதுதான் தொல்லை. சிடுசிடுப்பவர்கள் என்றால் சண்டை போட்டுவிட்டுக் கிளம்பலாம். குளிக்கப் போனால் துண்டு எடுத்துவைக்கிற மாமியாரிடம் எதைச் சொல்லிச் சண்டை போடுவது?

அவனுடைய பழைய பைக்கும் அவனோடுதான் அந்த வீட்டுக்கு வந்தது. பதினாறு வயதான ஸ்போர்ட் பைக். முன்னால் இரண்டு டிஸ்க் பிரேக், குனிந்து ஓட்டுகிற கைப்பிடி. பட்டறைக்குப் பின்னால் தார்ப்பாய்க்குள் கிடந்து பிரேக் இறுகி, போல்ட்டெல்லாம் துருவேறி, உடைந்த மோட்டார்களோடு ஒரு மோட்டாராகிப்போயிருந்தது.

அந்த மாதம் பிறந்ததுமே பழைய முதலாளி போனில் கூப்பிட்டார். மூன்றரை மணி நேரத் தொலைவில் பெரிய சர்வீஸ் கடை திறந்திருக்கிறாராம். "ஞாயித்துக்கிழமை இருபத்தெட்டாம் தேதி, பதினோரு மணிக்கு வா. உன் வண்டியிலயே வா. பிரேக்கை நான் ஓட்டிப் பாப்பேன், பேச்செல்லாம் அதுக்கப்புறம்தான். நீ வரலைன்னா திங்கட்கிழமை வேற ஆள்."

மனைவியிடம் சொன்னான். அவள் யோசிக்கக்கூட இல்லை.

"நான் வர்றேங்க. ஆனா அப்பாகிட்ட நீங்கதான் சொல்லணும். நான் சொன்னா, மகளே புருஷனைக் கிளப்பிட்டாள்னு ஆயிடும்."

"சொல்றேன்."

"எப்ப?"

"சொல்றேன்னு சொல்றேன்ல."

தினமும் காலையில் சொல்ல நினைப்பான். மாமனார் நிமிர்ந்து பார்த்து "என்ன மாப்பிள்ளை?" என்பார். "ஒண்ணுமில்ல மாமா" என்று வந்த சொல்லை மென்று விழுங்கிவிடுவான். கடைசியில் தனக்குத்தானே ஒரு சமாதானம் கண்டுபிடித்தான். முதலில் வேலை கையில் கிடைக்கட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம். கோழைகளுக்கு இப்படிச் சமாதானங்கள் சுலபமாகக் கிடைக்கும்.

பிரேக் வேலையில் மட்டும் அவன் கோழை இல்லை. தார்ப்பாயை உருவினான். போல்ட்டுகளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, முலாம் பூசக் கொடுத்து வாங்கினான். வெடிப்பு விழுந்த ரப்பர் ஹோஸைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதியது மாட்டினான். டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பருக்குள் பிஸ்டன்கள் அசைந்துகொடுக்கவில்லை. லீவரை அமுக்கி அமுக்கி, பிரேக் ஆயிலின் அழுத்தத்தாலேயே ஒவ்வொன்றாக வெளியே தள்ளினான். பிஸ்டனைச் சுற்றியிருந்த பழைய ரப்பர் சீல்களைக் கிளறி எடுத்து, அவை உட்காரும் பள்ளத்தில் படிந்திருந்த வெள்ளைப் பொருக்கை மரக்குச்சியால் சுரண்டினான். மூன்று வருஷமாகத் தண்ணீர் மோட்டாரையே தொட்ட கைக்கு இந்த வேலை மறக்கவில்லை. சந்தோஷத்தில் அவனுக்கே கண் கலங்கியது.

புது சீல் வந்து சேரப் பதினெட்டு நாள் ஆயிற்று. அந்தப் பழைய மாடலுக்கு ஒரே ஒரு செட்தான் கிடைத்தது. வெள்ளிக்கிழமை மதியம் அதைப் பிரித்து ஒரு கிண்ணத்தில் போட்டுவிட்டுக் கை கழுவப் போனான்.

திரும்பி வரும்போது மாமனார் கிண்ணத்தைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார், மண்ணெண்ணெய்த் தட்டுக்குள்.

அது அந்தப் பட்டறையின் சட்டம். எந்தச் சாமானும் மண்ணெண்ணெயில் குளிக்காமல் மோட்டாருக்குள் போகாது. மோட்டாருக்கு அது சரி. பிரேக் சீல் ரப்பருக்கு அது விஷம். ஊறினால் உப்பிவிடும், உப்பினால் பிஸ்டனைப் பிடித்துக்கொள்ளும், பிறகு லீவரை விட்டாலும் பிரேக் விடாது.

"நீங்க தனியா கஷ்டப்படுறீங்களேன்னு, நான் கழுவிப் போடுறேன் மாப்பிள்ளை" என்றார் மாமனார். முகத்தில் அவ்வளவு பிரியம்.

அவன் வாயைத் திறந்தான். 'மாமா, வேணாம்.' இரண்டே சொல். வந்திருந்தால் கதை வேறு. அந்த வீட்டில் அவன் இதுவரை வேண்டாம் என்று சொன்னதே இல்லை. நாற்பது வருஷமாகப் பட்டறை நடத்துகிறவரைப் பார்த்து, நீங்கள் செய்வது தப்பு என்று மாப்பிள்ளை எப்படிச் சொல்வது? அவர் போனதும் எடுத்துவிடலாம் என்று நின்றான். அவர் போகவில்லை. ஸ்டூலை இழுத்துப்போட்டு, ஒரு காலத்தில் கிணற்றுக்குள் விழுந்த மோட்டாரைத் தூக்கிய கதையை முதலிலிருந்து ஆரம்பித்தார். இரண்டு மணி நேரம். அவன் "ஆமா மாமா", "அப்படியா மாமா" என்று கேட்டுக்கொண்டிருந்தான். தட்டுக்குள் ஊறிக்கொண்டிருந்தது சீல் அல்ல, தன் பிழைப்பு என்று அவனுக்குத் தெரியும்.

மாமனார் எழுந்து போனபின் அள்ளி எடுத்துத் துணியில் ஒற்றினான். பள்ளத்தில் வைத்து அழுத்தும்போது கொஞ்சம் தடித்திருப்பதைக் கட்டைவிரல் சொல்லிவிட்டது. வேறு செட் கிடையாது. வேறு ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது. மாட்டினான். பிரேக் ஆயில் ஊற்றி, குழாயில் தங்கிய காற்றை வெளியேற்றினான். முன் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டால், லீவரைத் தொடாமலே ஒரே சுற்றில் நின்றது. டிஸ்க்கை உரசுகிற பேட் புதுசு அல்லவா, ஓட ஓடத் தேய்ந்து சரியாகிவிடும் என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டான். வேறு யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் பட்டறையை விட்டே துரத்தியிருப்பான்.

ஞாயிறு காலை ஆறரைக்குத் தேய்த்த சட்டையோடு கிளம்பினான். மனைவி கதவருகே வந்து, "சொல்லிட்டீங்களா?" என்றாள். "வந்து சொல்றேன்" என்றான். அவள் முகம் வாடியதைப் பார்க்காதவன்போல வண்டியை எடுத்தான்.

எட்டு கிலோமீட்டர். அதுவரை காற்று முகத்தில் அடித்தது, மூன்று வருஷம் கழித்து முதல் தடவையாக நன்றாக மூச்சு விட்டான். மேம்பாலத்தின் ஏற்றத்தில் வண்டி இழுக்கத் திணறியது. கருகல் வாடை வந்தது. சூட்டில் ஆயில் விரிய, பேட் டிஸ்க்கை இன்னும் இறுக்கிப் பிடித்தது. பாலத்தின் உச்சியில் வண்டி தானாக நின்றது. தள்ளினான், நகரவில்லை. பின்னால் இழுத்தான், நகரவில்லை. பின்னாலிருந்த பஸ் ஹார்ன் அடித்தே அவனைக் கொன்றது.

சட்டைப்பையிலிருந்த ஸ்பேனரால் காலிப்பரில் காற்றை வெளியேற்றும் திருகைத் தளர்த்தினான். சூடான ஆயில் பீச்சியடித்துச் சட்டையை நனைத்தது. சக்கரம் விட்டது, ஆனால் இனி முன் பிரேக் கிடையாது. எந்த பிரேக்கைப் பார்க்க அந்த முதலாளி காத்திருக்கிறாரோ, அதே பிரேக். பாலத்துச் சுவரோரம் வண்டியை ஒதுக்கிவிட்டுப் போனை எடுத்தான். கூப்பிட அவனுக்கு ஒரே ஒரு ஆள்தான் இருந்தார்.

இருபதாவது நிமிஷம் மாமனார் சரக்கு வண்டியில் வந்து சேர்ந்தார். பலகை, கயிறு, குடிக்கத் தண்ணீர், அவனுக்கு மாற்றுச் சட்டைகூடக் கொண்டுவந்திருந்தார்.

"அடிபடலையே மாப்பிள்ளை? என்ன ஆச்சு?"

அவனுக்கு எங்கிருந்து வந்ததோ, கோபம் வந்தது. "சீல் உப்பிடுச்சு மாமா. மண்ணெண்ணெயில போடக்கூடாது. நீங்க போட்டீங்க."

மாமனார் சக்கரத்தையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் சுண்டிவிட்டது.

"பக்கத்துலதானே நின்னீங்க? வேணாம் மாமான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எடுத்திருப்பேனே. நான் என்ன, கடிச்சா முழுங்கப்போறேன்?"

அவன் குனிந்து கயிற்றைப் பிரித்தான்.

இருவருமாக பைக்கைப் பலகை வழியாகச் சரக்கு வண்டியில் ஏற்றிக் கயிற்றால் கட்டினார்கள். மாமனார் அவனுடைய பாலிஷ் போட்ட ஷூவைக் கவனித்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஏழேகால்.

"எங்கயோ முக்கியமா கிளம்பியிருக்கீங்க. எங்க போகணும், சொல்லுங்க. எவ்வளவு தூரம்னாலும் நானே கொண்டுபோய் விடுறேன். வண்டியைக் காட்டணும்னா அதுவும் பின்னாலதானே இருக்கு, நான் செஞ்ச தப்புன்னு நானே சொல்றேன்."

பதினோரு மணிக்கு இன்னும் நேரம் இருந்தது. அவன் வாயைத் திறந்தான். மாமனார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தார்.

"ஒண்ணுமில்ல மாமா" என்றான். "சும்மா ஓட்டிப் பாக்கலாம்னுதான்."

மாமனார் தலையாட்டிவிட்டு, சரக்கு வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பினார்.