கெடு முடிந்து வந்த கடிதம்

ரேடியோ வேலை செய்யவில்லை என்ற புகார் எங்கள் அலுவலகத்துக்கு வந்ததும் பெயரைப் பார்த்தேன். மில்ன் படகுப் பட்டறை, போர்ட்கார்வி. யார் போகிறீர்கள் என்று மேலாளர் கேட்டு முடிப்பதற்குள் நான் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். சுறுசுறுப்பான ஆள் என்று நினைத்திருப்பார். வேறு யாரும் அங்கே போய்விடக் கூடாது என்ற பயம்தான் எனக்கு.

வானொலி அலைகளை யார் எங்கே பயன்படுத்தலாம் என்று உரிமம் கொடுக்கும் அலுவலகம் எங்களுடையது. ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரைக்கு நான்தான் பொறியாளர், பதினேழு வருடமாக. டாக்சிக்காரர்கள், கிரேன் ஓட்டுபவர்கள், மீன் லாரிக்காரர்கள் என்று வேலைக்காக வாக்கி-டாக்கி வைத்திருக்கும் எல்லாருக்கும் எங்கள் காகிதம் வேண்டும்.

போன வருடம் அந்த முறையை மாற்றினோம். அதுவரை சின்னப் பட்டறைக்கும் அதன் ஊருக்குள் தனியாக ஓர் அலைவரிசை இருந்தது. புதிய முறையில் சின்னவர்கள் ஒரே அலைவரிசையைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். வேறு யாராவது பேசுகிறார்களா என்று கேட்டுவிட்டு அப்புறம் பேச வேண்டும். கட்டணம் பாதியானது. மாற்றுவதற்கு முன் எல்லாருக்கும் நோட்டீஸ் அனுப்பி, பன்னிரண்டு வாரம் கெடு கொடுத்து, கருத்துக் கேட்டோம். வந்த பதில்களைத் தொகுத்து அட்டவணை போட்டது நான்.

கெடு ஒரு வெள்ளிக்கிழமை முடிந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை ஒரு கடிதம் வந்தது. கோடு போட்ட தாளில் நீல மையில் நான்கு பக்கம். எழுதியவர் எல்ஸ்பத் என்கிற பெண், மில்ன் பட்டறையில் வின்ச் ஓட்டுபவர். கடலிலிருந்து படகைச் சக்கர வண்டியில் உட்காரவைத்து, இரும்புக் கயிற்றால் சரிவில் மேலே இழுக்கும் இயந்திரம் அது. கடைசிப் பக்கத்தில் ஒரு படமும் வரைந்திருந்தார். வின்ச் அறை இங்கே, ஆட்கள் அங்கே, நடுவில் படகு. 'இங்கிருந்து அவர்களைத் தெரியாது' என்று ஓர் அம்புக்குறி. 'நாங்கள் ஒரே ஒரு வார்த்தைக்காகத்தான் இந்த ரேடியோவை வைத்திருக்கிறோம். நிறுத்து என்ற வார்த்தை. அதன் மேல் வேறு யாருடைய பேச்சும் விழக் கூடாது.'

கெடு தாண்டி வந்ததை அதிகாரி விரும்பினால் சேர்த்துக்கொள்ளலாம் என்று விதி இருந்தது. அதிகாரி நான்தான். ஆனால் அட்டவணையில் 'படகுப் பட்டறைகள்: ஆட்சேபணை இல்லை' என்று ஏற்கெனவே போட்டுவிட்டேன். கடிதத்தைச் சேர்த்தால் எல்லாவற்றையும் திரும்ப மேலே அனுப்ப வேண்டும். தாமதமாக வந்தவை இருக்கும் பெட்டியில் அதைப் போட்டேன். அறிக்கை சுத்தமாக இருக்கிறது என்று பாராட்டி மேலாளர் கேக் வாங்கி வந்தார். நானும் சாப்பிட்டேன்.

ஆறு வாரத்துக்கு முன் அந்தப் பட்டறையில் விபத்து. சக்கரத்துக்கு அடியில் கட்டை வைத்துக்கொண்டிருந்த ரோரி, முதலாளியின் மகன், நிறுத்து என்று மூன்று தடவை ரேடியோவில் கத்தினான். வின்ச் நிற்கவில்லை. இடது கையில் இரண்டு விரல் போய்விட்டது. எனக்கு எதுவுமே கேட்கவில்லை என்றார் எல்ஸ்பத். யாரும் நம்பவில்லை.

நான் போய் இறங்கியபோது மழை தூறிக்கொண்டிருந்தது. முதலாளி அலெக் மில்ன் என் சோதனைக் கருவிப் பெட்டியைப் பார்த்தார்.

"வாங்க ஆபீசர். உங்க மிஷின் பொய் சொல்லாதில்ல? மனுஷங்கதான் இங்க சொல்றாங்க."

"என் மூஞ்சியப் பாத்துச் சொல்லேன் அலெக்," என்றார் பின்னாலிருந்த எல்ஸ்பத். ஐம்பது வயசுக்கு மேல் இருக்கும், கம்பளித் தொப்பி, கை முழுக்க கிரீஸ். "மிஷின்கிட்ட ஏன் சொல்ற?"

"உன்கிட்ட சொன்னா கேக்காதே உனக்கு."

பக்கத்தில் நின்றவர்களில் ஹேமிஷ் என்பவன் சிரித்தான். எல்ஸ்பத் திரும்பிப் பார்க்கவில்லை.

பெட்டியைத் திறக்கும் முன்பே விஷயம் எனக்குத் தெரியும். ஒவ்வொரு கம்பெனியின் வாக்கி-டாக்கியும் தன் குரலோடு, காதுக்குக் கேட்காத ஓர் அடையாள ஒலியை அனுப்பும். அந்த ஒலி வந்தால் மட்டும் கூட்டாளியின் கருவி வாயைத் திறக்கும். அதனால் அடுத்தவன் பேசுவது நமக்குக் கேட்காது. அலைவரிசை காலியாக இருப்பதாகவே தோன்றும். எல்லாரையும் கேட்க ஓரத்தில் ஒரு சின்னப் பொத்தான் உண்டு. பேசுவதற்கு முன் அதை அமுக்க வேண்டும் என்று புதிய உரிமத்தில் எழுதியிருக்கிறோம். யாரும் அமுக்குவதில்லை.

எல்ஸ்பத்தின் கருவியை வாங்கி அதை அமுக்கினேன். ஒரு பெண் குரல் கணீரென்று வந்தது. "மூணாம் நம்பர் வண்டி, எங்கடா போய்த் தொலைஞ்ச? இங்க ஐஸ் உருகிட்டிருக்கு, நீ டீ குடிச்சிட்டிருக்க."

"யாரிது?" என்றார் அலெக்.

"பின்னாடி இருக்கிற மீன் லாரி டிப்போ. உங்க அலைவரிசையிலதான் அவங்களும் இருக்காங்க."

டிப்போவுக்கு போன் செய்தேன். அதே குரல், பெயர் ஷோனா. "எங்க செட்ல வேற யாரும் பேசினதே இல்லையே சார்," என்றாள். ஒரு நிமிடம் ரேடியோவில் விடாமல் பேசச் சொன்னேன். "அதுக்கென்ன, ஒரு மணி நேரம் வேணாலும் பேசுவேன்."

இன்று நடுவில் படகு இல்லை; அலெக்கை இன்னொரு கருவியோடு சரிவின் அடியில் நிற்கவைத்தேன். எல்ஸ்பத்தும் மற்றவர்களும் மேலே வின்ச் அறை வாசலில். ஷோனா பேசிக்கொண்டிருக்கும்போது அலெக் நிறுத்து என்று கத்துவது தெரிந்தது. வாய் திறந்து மூடியது. மறுபடி திறந்தது. எல்ஸ்பத்தின் கையிலிருந்த கருவியில் ஒரு சத்தமும் இல்லை. டிப்போவின் கம்பம் பக்கத்திலேயே இருக்கிறது. அதன் பலமான அலை இவர்களுடையதை அமுக்கிவிடும். அதன் அடையாள ஒலியோ வேறு, கருவி வாயையும் திறக்காது. ஷோனாவை நிறுத்தச் சொன்னேன். அடுத்த நொடி, "நிறுத்து, கேக்குதா, நிறுத்து" என்று அலெக்கின் குரல் தெளிவாக வந்தது.

சிரித்தவன் இப்போது தரையைப் பார்த்தான்.

பட்டறை அலுவலகத்தில் உட்கார்ந்தோம். அலெக் எல்ஸ்பத்தைப் பார்த்தார்.

"அப்ப நெசமாவே உனக்குக் கேக்கல."

"ஆறு வாரமா அதத்தான சொல்றேன்."

அவர் என் பக்கம் திரும்பினார். "எங்க அலைவரிசைல இன்னொருத்தன விட்டது எப்ப?"

"போன ஏப்ரல்ல. அதுக்கு முன்னாடியே எல்லாருக்கும் நோட்டீஸ் அனுப்பினோம்," என்றேன். அலுவலகத்தில் சொல்லிப் பழகிய வாக்கியம். வாய் தானாகச் சொன்னது.

அலெக் மேஜையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "ஆமா, உங்க அறிக்கைய இன்சூரன்ஸ்காரன் குடுத்தான். 'படகுப் பட்டறைகள், ஆட்சேபணை இல்லை.' இங்க தபால் பிரிக்கிறது யாரு எல்ஸ்பத்? நான் இல்லயே."

"பிரிச்சேன். பதிலும் போட்டேன்."

"காப்பி எங்க?"

"கையால எழுதினேன். காப்பி எடுக்கல."

"நல்லா இருக்கு. முதல்ல ரேடியோ, இப்ப தபால்காரன். ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருந்தா என் பையன் விரல் இருந்திருக்கும். வியாழக்கிழமை விபத்து விசாரணைக்கு அதிகாரிங்க வராங்க. நோட்டீச அமுக்கினது நீதான்னு சொல்லத்தான் போறேன். அதுக்கப்புறம் இங்க நீ எப்படி இருப்பன்னு நீயே யோசிச்சுக்க."

கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் போனார்.

எல்ஸ்பத் எனக்கு டீ ஊற்றினார். வெண்ணெய் தடவிய ரொட்டியை என் பக்கம் நகர்த்தினார். "நீங்க வரலேன்னா நான் பொய்க்காரியாவே செத்திருப்பேன் தம்பி. இன்னும் ஒரே ஒரு உதவி பண்ணுங்க. உங்க ஆபீஸ்ல தேடிப் பாக்க முடியுமா? எங்கயாவது மூலைல கிடக்கலாம்."

தேடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். போய், தேடினேன் இல்லை என்று எழுதியிருக்கலாம். காரில் வரும்போது மூன்று மணி நேரமும் அதைத்தான் யோசித்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

"தேட வேண்டாம்," என்றேன். "வந்துச்சு. என் கைக்குத்தான் வந்துச்சு."

அவர் கெட்டிலைக் கீழே வைத்தார்.

"படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"முழுசா?"

"முழுசா. படத்தையும் பாத்தேன்."

"எனக்கு எழுத வராது. மூணு தடவை அடிச்சு அடிச்சு எழுதினேன். புரியிற மாதிரி இருந்துச்சா?"

"நல்லாவே புரிஞ்சுது."

"புரிஞ்சுமா?" என்றார்.

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார். கெடு, அட்டவணை, மேலே அனுப்புவது என்று ஏதேதோ சொன்னேன். ஒவ்வொன்றும் வாயை விட்டு வெளியே வரும்போதே அற்பமாக இருந்தது. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"வியாழக்கிழமை எழுத்துல குடுத்துடறேன்," என்றேன். "கடிதத்தையும் கொண்டுவந்துடறேன். உங்க மேல ஒண்ணும் வராது."

"அது வியாழக்கிழமைக்கு," என்றார். "இன்னிக்கு என்ன பண்ணுவீங்க? என்னைய அவங்க தனியாக் கூப்பிட்டு, டீ குடுத்துக் கேக்கல தம்பி. எல்லார் முன்னாடியும் கேட்டாங்க."

எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார். "அலெக், இங்க வா. ஹேமிஷ், நீயும். வீட்ல தூங்கற ரோரியையும் எழுப்பிக் கூட்டிட்டு வாங்க. எல்லாரும் வாங்க."

இரும்புப் படிக்கட்டில் பூட்ஸ் சத்தம் ஏறி வந்தது. ஆறு பேர் அந்தச் சின்ன அறையில் சுவரோடு சுவராக நின்றார்கள். ரோரி கடைசியாக வந்தான். தூக்கக் கலக்கம், கையில் வெள்ளைக் கட்டு. யாரோ நாற்காலியை அவனுக்கு நகர்த்தினார்கள்.

"இவருக்கு ஒண்ணு சொல்லணுமாம்," என்றார் எல்ஸ்பத்.

நான் எழுந்து நின்றேன். ரோரியின் கையைப் பார்க்காமல் ஆரம்பிக்கப் பார்த்தேன். முடியவில்லை. அந்தக் கையைப் பார்த்தே சொன்னேன்.

"இவங்க எழுதின லெட்டர் எங்கிட்டதான் இருக்கு."