வெட்டப்பட்ட சமையற்காரி

துப்பறியும் நாவல் ஒன்றைப் படமாக்கியபோது வெட்டி எறியப்பட்ட சமையற்காரி, முதல் நாள் காலைக்காட்சி முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டே திரைக்குப் பின்னாலிருந்து இறங்கி வந்தாள். யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. அந்த ஊர்த் திரையரங்கில் அது வழக்கம்தான். பழைய துப்பறியும் கதைகளை இரண்டரை மணி நேரத்துக்குள் அடைக்கிறவர்கள் யாரையாவது கழற்றிவிடத்தான் செய்வார்கள். கழற்றிவிடப்பட்டவர்களும் எங்காவது போயாக வேண்டுமே. ஒரு படத்தில் விடுபட்ட இரட்டைச் சகோதரிகள் தபால் நிலையத்தில் முத்திரை குத்திக்கொண்டிருந்தார்கள். இன்னொன்றில் விடுபட்ட குதிரைக்காரன் சலவைக்கடை மாடியில் குடியிருந்தான். அந்தக் கதையை யாரோ மறுபடி எடுத்து அவனையும் சேர்த்துக்கொண்ட அன்று, தேநீர் குடித்துக்கொண்டிருந்தவன் அப்படியே மறைந்துபோனான். கோப்பை மட்டும் கொஞ்ச நேரம் அந்தரத்தில் யோசித்துவிட்டு விழுந்தது.

சமையற்காரிக்கு நாவலில் ஒரே ஒரு வசனம். "தோட்டத்துக் கதவு திறந்துதான் இருந்துச்சு, ஐயா" என்பாள். கொலைகாரன் மாட்டுவதே அதனால்தான். படத்தில் அந்த வேலையை ஒரு நாய்க்குக் கொடுத்துவிட்டார்கள். இதற்கு அதிகம் கொதித்தவர் பல் டாக்டர். துப்பறியும் நாவல் வாசகர் சங்கத்தின் தலைவர். டார்ச்சும் புத்தகமுமாக உட்கார்ந்து படத்தை வரிவரியாகச் சரிபார்ப்பவர். ஒரு படத்தில் துப்பறிவாளரின் மீசை நூலளவு குறைந்ததற்கு அவர் போட்ட கூச்சலில் திரையே பயந்து சுருண்டு மேலே போய்விட்டது. இப்போது நாயை எதிர்த்து ஊர்வலம் நடத்தினார்; முன்வரிசையில் சமையற்காரியை நடக்கவிட்டார். ஊர்வலம் முடிந்ததும் போக்கிடம் இல்லாமல் அவள் அவருடைய கிளினிக்கிலேயே தங்கிவிட்டாள்.

ஆரம்பத்தில் அவளுக்கு அந்த ஒரு வசனம்தான் பேச வரும். பல் பிடுங்கினால் வலிக்குமா என்று கேட்பவர்களிடமும் அதையே சொல்வாள். அவர்களும் தைரியமாக வாயைத் திறப்பார்கள். டாக்டரைக் கல்யாணம் செய்துகொள்ளச் சம்மதமா என்று கேட்ட பதிவாளரிடமும் அதையேதான் சொன்னாள். அவர் சற்று யோசித்து, சம்மதம் என்றே எழுதிக்கொண்டார். வருஷங்கள் ஓடின. மற்ற வார்த்தைகளும் வந்தன, வந்தபின் நிற்கவேயில்லை. "ஏங்க, டார்ச்ச அணைச்சிட்டுப் படுங்க, கொலைகாரன் எங்கயும் ஓடிட மாட்டான்" என்று அவள் அதட்டினால், ஊரையே அதட்டிய மனிதர் சத்தமில்லாமல் படுத்துக்கொள்வார்.

அப்போதுதான் அதே நாவலை, ஒரு வரிகூட விடாமல், தொலைக்காட்சித் தொடராக எடுக்கிறார்கள் என்று செய்தி வந்தது. சங்கத்தார் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். டாக்டர் மட்டும் பேயறைந்தவர்போல் உட்கார்ந்துவிட்டார். குதிரைக்காரனின் கோப்பை அவர் கண்ணுக்குள்ளேயே நின்றது. மறுநாளே இயக்குநரைத் தேடிப் போனார்.

"அந்தச் சமையற்காரிய வெட்டிடுங்க சார். வேணும்னா நாயே இருக்கட்டும்."

"நாய வெச்சதுக்கு ஊர்வலம் போனது நீங்கதானே டாக்டர்?"

"அப்ப அவ எனக்கு யாரோ."

"அவள வெட்டினா உங்க சங்கத்து ஆளுங்களே என் தோல உரிச்சிடுவாங்க. நீங்க கிளம்புங்க."

சமையற்காரி வரும் பாகம் ஒளிபரப்பான மாலை, சங்கமே டாக்டர் வீட்டுக் கூடத்தில் கூடியது. தொடரில் சமையலறைக் கதவு திறந்ததும் அவள் நாற்காலியைவிட்டு மெல்ல எழும்பி, இடது காலை முன்னே நீட்டியபடி தொலைக்காட்சிக்குள் போக ஆரம்பித்தாள். டாக்டர் அவள் இடுப்பைப் பிடித்தார். செயலாளர் டாக்டரைப் பிடித்தார். அப்படியே பிடித்த வரிசை வாசல் தாண்டி, தெருமுனை தாண்டி, தபால் நிலையத்தில் இரட்டையர்வரை நீண்டது. "விட்டுட்டுப் போயிடாதடி" என்று டாக்டர் அழுதார். கணுக்கால்வரை உள்ளே போயிருந்தபோது, அவள் வேடம் போட்ட நடிகை உதட்டுச் சாயத்தோடு வந்து, போலீஸ்காரர் காலில் விழுந்து, விம்மி விம்மி வசனத்தைச் சொன்னாள்.

"சீ! இவளா நானு?" என்று டாக்டர் மனைவி கத்தினாள். "வெங்காயம் நறுக்கும்போதுகூட நான் அழுததில்ல. கரண்டியப் பிடிச்சிருக்கிற லட்சணத்தப் பாருங்க, குடை பிடிக்கிற மாதிரி! இதுக்குள்ள நான் போகணுமாக்கும்?" சொல்லிவிட்டுத் தொப்பென்று நாற்காலியில் விழுந்தாள். மொத்த வரிசையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்தது. நடிகையின் தேர்வு படுமோசம் என்று சங்கம் ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. அதற்கு ஆதரவாக டாக்டர் இரண்டு கைகளையும் தூக்கினார்.

இடது பாதம் மட்டும் உள்ளேயே தங்கிவிட்டது. அந்தப் பாகத்தைப் பார்ப்பவர்கள் அடுப்புக்குப் பக்கத்தில், நீலச் செருப்போடு, அதைக் காணலாம். டாக்டர் பல்செட் செய்யும் பொருளிலேயே ரோஸ் நிறத்தில் பளபளவென்று ஒரு பாதம் செய்து கொடுத்தார். பழையதைவிட இது தேவலை என்கிறாள். தொடரை மறுஒளிபரப்புச் செய்யும் நாட்களில் மட்டும் உள்ளே தங்கிய பாதத்துக்குத் தரை ஜில்லென்று இருக்கிறதாம். டாக்டர் ரோஸ் பாதத்துக்குக் கம்பளிக் காலுறை மாட்டிவிடுகிறார். அங்கே சூடு பிடித்துக்கொள்கிறது.