முகத்தை யார் மூடுவது

டெர்மட் திரையில் இரண்டு தளங்களை அருகருகே வைத்துக் காட்டி, இரண்டுமே இலவசம் என்றான். ரோசலின் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டாள். இலவசம் என்று எங்கள் ஊருக்கு வந்த சூரிய விளக்குக் கம்பங்கள் கால்பந்து மைதானத்தைச் சுற்றி இன்றைக்கும் குருடாக நிற்கின்றன.

கணினி வேலை பார்க்கும் அவன், ஆஸ்திரேலியாவின் நடுவில் எங்களுக்கு அருகிலுள்ள நகரமான ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து இணையம் வழியாகப் பேசிக்கொண்டிருந்தான். ஊர் மன்றத்தின் இணையதளம் பழசாகிப் போயிருந்தது. வேறொரு மென்பொருளுக்கு அதை மாற்றியாக வேண்டும். காட்டிய இரண்டும் திறந்த மூல மென்பொருள்கள். உள்ளே இருப்பதை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், எந்தக் கம்பெனிக்கும் கைகட்டி நிற்க வேண்டாம் என்றான். முதலாவது உலகமே பயன்படுத்துவது. படம் போட, செய்தி எழுத, ஓவியம் விற்க எல்லாவற்றையும் ஒரே பிற்பகலில் பழகிவிடலாம். இரண்டாவது எங்களுடையதைப் போன்ற பூர்வகுடி ஊர்களை நினைத்துச் செய்தது. எந்தப் படத்தை எந்தக் குடும்பம் பார்க்கலாம் என்று அதில் சொல்லி வைக்கலாம். ஆனால் மெதுவானது, அழகு கிடையாது, பழுதானால் சரிசெய்யத் தெரிந்தவர்கள் குறைவு. அவன் முதலாவது பக்கம் சாய்ந்தான். நானும்தான். வேலை முடிகிற வழிதான் எனக்குத் தெரியும். கிழக்குக் கடற்கரையில், மக்கை என்ற ஊரில் கரும்பு வெட்டிய மால்டாக்காரனின் பிள்ளை நான், வெள்ளைக்காரன்.

மண்பாதையில் எந்தத் துண்டு திறந்திருக்கிறது, எது வெள்ளத்தில் மூழ்கிவிட்டது என்று தளத்தில் எழுதுவது என் பொறுப்பு. அதனால்தான் அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். படங்களும் மற்றதெல்லாமும் ரோசலின் பொறுப்பு.

அவள் கடைசியில்தான் வாயைத் திறந்தாள். "தெறக்குறதுக்கு ரெண்டுலயும் வழி சொல்லிட்ட. மூடுறதுக்கு?"

அழிக்கிற பொத்தான் இரண்டிலும் இருக்கிறது என்றான் டெர்மட். யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுத் திரையை அணைத்தாள்.

ரோசலினின் அண்ணன் பாதை சமன் செய்யும் இயந்திரத்தை ஓட்டினான். நான் தண்ணீர் லாரியில் பின்னால் போவேன். புழுதி, ஈ, வெந்த டின் மாட்டிறைச்சி, கருந்தேநீர் இவைதான் எங்கள் நாள். ஒரு மழைக்காலத்தில் இரண்டு வண்டிகளும் சேற்றில் புதைந்து கிடந்தபோது அவன்தான் எனக்குத் தன் உறவுமுறைப் பெயரையே வைத்தான். "நீயும் ஜாபங்கார்டி. என் தம்பி" என்றான். அன்றிலிருந்து அவன் அம்மா எனக்கும் மகன் என்றே கங்காரு வாலில் பங்கு எடுத்து வைத்தாள். அவன் மாமியார் கடைக்குள் நுழைந்தால் நான் பின்கதவால் வெளியேறுவேன். மருமகன் முறையுள்ளவன் எதிரே நிற்கக் கூடாது. "ஓடுறான் பாரு, மாமியாரக் கண்ட மாப்பிள்ள" என்று பிள்ளைகள் கத்துவார்கள். ஓடுவதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. பெருமை என்று வெளியே சொன்னதில்லை.

ஆலிஸ் ஆஸ்பத்திரியில் அவன் நெஞ்சு நின்றுபோனது. செய்தி வந்ததும் ஊரே ஓலமிட்டது. அவன் வீட்டைக் காலி செய்து, அவன் காலடித் தடங்களை மரக்கிளைகளால் கூட்டி அழித்தார்கள். இயந்திரத்தின் இருக்கைக்கு இலைப்புகை காட்டினார்கள். ஊருக்கு மேற்கே துக்க முகாம் போட்டார்கள். அவன் மனைவி உடம்பெல்லாம் வெள்ளைக் களிமண் பூசிப் பேச்சை நிறுத்திவிட்டாள். இனி துக்கம் தீரும்வரை கைச்சாடைதான். அவன் பெயரை யாரும் சொல்லமாட்டார்கள். நெருங்கிய உறவுகள் அவன் முகத்தைப் படத்தில்கூடப் பார்க்கக் கூடாது.

முகம் தளத்தில் இருந்தது. முதல் பக்கத்தில், கால்பந்துப் பக்கத்தில், பாதைப் பக்கத்தில், எங்கெங்கோ. முகாமில் பிள்ளைகள் கையில் எல்லாம் கைபேசி. அவன் அம்மாவின் மடியில் உட்கார்ந்தபடி எந்தப் பிள்ளையாவது அதைத் திறந்துவிட்டால்? ரோசலின் டெர்மட்டைக் கூப்பிட்டு மொத்தத் தளத்தையும் அணைக்கச் சொன்னாள். அணைத்தான்.

பிறகு மழை வந்தது. எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று மருத்துவமனை வண்டிக்காரர்களும் கடைக்குச் சாமான் கொண்டுவரும் லாரிக்காரர்களும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பாதை நிலவரம் தெரியாமல் கிளம்பி வந்து ஒரு லாரி ஓடைக்குள் இறங்கிவிட்டது. மன்றம் தளத்தைத் திறக்கச் சொன்னது. புதிய மென்பொருளை நிறுவுவதற்காக டெர்மட் வெள்ளம் ஏறாத ஆலிஸ் பாதையில் காரில் வந்து சேர்ந்தான். இறந்தவன் இருக்கும் படங்கள் எவை என்று பிரித்து எடுக்காமல் எதையும் உள்ளே ஏற்ற முடியாது என்றான்.

ஊடக அறையில் ரோசலின் திரைக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். துக்கத்துக்குத் தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தாள்.

"பேரச் சொல்லுங்க, தேடிடலாம்" என்றான் டெர்மட்.

அவள் சுவரைப் பார்த்தபடியே கையை அசைத்து மறுத்தாள். அவன் என்னைப் பார்த்தான். நானும் தலையை ஆட்டினேன்.

"சரி, எழுதியாவது காட்டுங்க."

"குமன்ஜாயின்னு போட்டுத் தேடு" என்றாள்.

தேடினான். திரை நிறைய ஆண்கள், பெண்கள், ஒரு கிழவர், பள்ளிக்கூடச் சீருடையில் ஒரு சிறுமி. டெர்மட்டுக்குப் புரியவில்லை. இறந்துபோன ஒருவரின் அதே பெயரோடு உயிருடன் இருப்பவர்களை, அந்தப் பெயரைச் சொல்லாமல், இங்கே குமன்ஜாயி என்றுதான் கூப்பிடுவார்கள். ரோசலினின் அண்ணனும் அவன் பெயருள்ள வேறொருவர் போனதிலிருந்து பல வருடமாகக் குமன்ஜாயிதான். படத்துக்கெல்லாம் அப்படியே பெயர் எழுதி ஏற்றியவள் ரோசலின்தான்.

"இதுல யாரு?" என்றான் டெர்மட். அவன் இறந்தவனை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அடையாளம் சொல்லலாமா என்று நான் யோசித்தேன். பாதைக்கூலிகள் எல்லோருக்கும் ஒரே மஞ்சள் சட்டை, ஒரே தொப்பி, ஒரே புழுதி.

அதற்கென்று முறை உள்ள ஒரு உறவுக்காரர் ஓடைக்கு அந்தப் பக்கத்து ஊரில் இருந்தார். அவர் வந்து பார்க்கலாம், தப்பில்லை. ஓடையில் வெள்ளம். பாதை மூடியிருக்கிறது என்று தளத்தில் எழுத வேண்டியவனே நான்தான்.

"நான் பாக்குறேன்" என்றேன்.

ரோசலின் சுவரிலிருந்து திரும்பவில்லை. "நீ அவன் தம்பி."

"நான் பொறந்தது மக்கைல, அக்கா. யாராவது செய்யணும்ல."

"நீ பாக்கலாம்னா நீ தம்பி இல்ல. தம்பின்னா பாக்கக் கூடாது. ரெண்டுல ஒண்ணு சொல்லு. மாமியாரக் கண்டா ஓடும்போது மட்டும் எங்க ஆளு, வேலைன்னு வந்தா வெள்ளக்காரனா?"

டெர்மட் விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தகரக் கூரையில் மழை விழுந்தது. முகாமிலிருக்கும் அம்மாவை நினைத்தேன். ஓடைக்குள் இறங்கிய லாரிக்காரனையும் நினைத்தேன். ஒருவருக்காக இன்னொருவரை விட முடியாது என்று எனக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதே நான் வேறு ஆள் என்பதால்தானோ என்னவோ.

நாற்காலியை இழுத்துத் திரைக்கு முன்னால் போட்டேன்.

ரோசலின் எழுந்து வெளியே போய்விட்டாள்.

படங்கள் எல்லாவற்றிலும் இறந்தவன் சிரித்துக்கொண்டிருந்தான். ஒன்றில் சேற்றில் புதைந்த லாரி, அதன்மேல் அவன், கீழே நான். இது, இது, இதுவும் என்று விரலால் காட்டினேன். டெர்மட் ஒவ்வொன்றாக எடுத்தான். எடுத்த பிறகும் அதே முகம் சின்னப் படமாக வேறு பக்கத்தில் வந்தது, நடுத்தர அளவில் இன்னொரு பக்கத்தில் வந்தது. மென்பொருள் ஒவ்வொரு படத்துக்கும் பல அளவில் தானாகவே நகல் போட்டு வைத்திருக்கிறது என்றான். பெயர் எழுதாத கூட்டப் படங்களையும் பார்க்க வேண்டியிருந்தது. அவன் உயிரோடு இருந்தபோதுகூட அவனை இத்தனை தடவை நான் உற்றுப் பார்த்ததில்லை. சாயங்காலம் எழுந்தபோது என் கண் வேறு எதையும் பார்க்க மறுத்தது.

மறுநாள் ரோசலின் வந்தாள். இரண்டாவது மென்பொருள்தான் என்றாள்.

டெர்மட் மறுபடி ஆரம்பித்தான்: மெதுவானது, எங்கள் இணைய வேகத்துக்குத் திணறும், அவனும் அடிக்கடி வரமுடியாது, அவளே கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். அவள் முழுதும் கேட்டாள்.

"இதுல ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு பக்கம் இருக்குன்னியே. ஆளோட எல்லாப் படத்தையும் அதுலயே கட்டி வெக்கலாமா?"

"கட்டலாம். எந்த அளவு நகலா இருந்தாலும்."

"அப்ப அந்தப் பக்கத்த மூடுனா எல்லாம் மூடும். ஒருத்தனும் உக்காந்து மூஞ்சியப் பாக்க வேணாம்." ஒட்ட வெட்டிய தலையைத் தடவிக்கொண்டாள். "மெதுவா இருந்தா இருக்கட்டும். சாவும் ஒண்ணும் அவசரமா வர்றதில்ல இங்க, அடிக்கடிதான் வருது."

அன்று பிற்பகல் நான் துக்க முகாமுக்குப் போனேன். சகோதர முறையுள்ள ஆண்கள் மரத்தடியில் ஒரு வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். யாரும் என்னைத் தடுக்கவில்லை. யாரும் நகர்ந்து இடமும் விடவில்லை. அம்மா தலையை நிமிர்த்தவில்லை. மனைவி தூரத்திலிருந்து கையால் ஏதோ சாடை காட்டினாள். எனக்கா, பிள்ளைகளுக்கா தெரியவில்லை. நின்றுவிட்டு, தண்ணீர் டிரம்மை நிரப்பிவிட்டுத் திரும்பினேன்.

ரோசலின் ஊடக அறையில் ஊராருக்கு ஒவ்வொருவராகப் பக்கம் திறந்துகொண்டிருந்தாள். யார் பார்க்கலாம், யார் மூடலாம் என்று கேட்டுக் கேட்டு நிரப்பினாள். வாசலில் வரிசை. ஒரு கிழவி, தன் முகத்தைப் பேத்தி மூடட்டும், மகன் வேண்டாம், அவன் எதையும் தொலைப்பான் என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

என் முறை வந்தது.

"வென்சு" என்றாள். அப்பா வைத்த அந்த மால்டாப் பெயரால் அவள் என்னைக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை, எப்போதும் ஜாபங்கார்டிதான். "உன் படத்த யாரு மூடணும்?"

மக்கையில் ஒரு தங்கை இருக்கிறாள். அப்பாவின் அடக்கத்துக்குப் பிறகு பேச்சு இல்லை. அவள் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை. இங்கே உள்ள யார் பெயரையும் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா என்றும் தெரியவில்லை.

ரோசலின் காத்திருந்தாள். வரிசையும் காத்திருந்தது. பிறகு பெயர் எழுத வேண்டிய கட்டத்தைக் காலியாகவே விட்டுவிட்டு, என் தோளுக்கு மேலாகப் பார்த்து, அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.