குடிக்கிறது நான்தான்

மோட்டார் சைக்கிள் சாக்கடைக்குள் இறங்கியபோது பிற்பகல் மூன்று மணி. டியூஷன் முடிந்த மகளை ஏற்றிக்கொண்டு வந்த புஷ்பா, அன்று காலையிலிருந்தே அரை போத்தல் சம்சு சாராயத்தைக் காலி பண்ணியிருந்தாள். அவளுக்கு வெறும் சிராய்ப்புதான். பின்னால் உட்கார்ந்திருந்த பதினான்கு வயது பிரமிளாவுக்கு மணிக்கட்டு முறிந்துவிட்டது.

கிளினிக்கில் டாக்டர் எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டார். புஷ்பா வாயைத் திறக்குமுன் பிரமிளா முந்திக்கொண்டாள்.

“நாய் குறுக்க வந்திருச்சு டாக்டர். அம்மா மேல தப்பே இல்ல.”

கண்ணைக்கூட இமைக்கவில்லை. எத்தனை பேரிடம், எத்தனை நாளாகப் பொய் சொல்லிப் பழகியிருந்தால் இவ்வளவு சரளமாக வரும் என்று புஷ்பா நினைத்துப் பார்த்தாள்.

கட்டுப் போட்ட தமிழ் நர்ஸ் மிஸ்ஸிக்கு வாடை தெரிந்திருக்க வேண்டும். கிளம்பும்போது மருந்துப் பையின் பின்னால் ஒரு விலாசமும் போன் நம்பரும் எழுதிக் கொடுத்தாள்.

“ஞாயித்துக்கிழமை பத்து மணிக்குச் செரண்டாவுல தமிழ்ல மீட்டிங் நடக்கும். குடிய விடணும்னு நினைக்கிறவங்க கூடுவாங்க. யாரு வேணும்னாலும் போகலாம்.”

யாருக்காக என்று மிஸ்ஸி சொல்லவில்லை. புஷ்பாவும் கேட்கவில்லை.

ஞாயிறு காலை, வீடு இருந்த புக்கிட் செந்தோசாவிலிருந்து செரண்டாவுக்கு பஸ் பிடித்தாள். விலாசத்தில் இருந்த கடையின் மேல்மாடிக் கதவில் பூட்டுத் தொங்கியது. கீழே முடி வெட்டிக்கொண்டிருந்தவரைக் கேட்டாள்.

“அவங்க போன மாசமே காலி பண்ணிட்டாங்க, அக்கா. எங்க போனாங்கன்னு தெரியல.”

நம்பருக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. எதிர் வரிசையில் சாராயக் கடை திறந்திருந்தது. தேடிப் போனேன், இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ள அருமையான சாக்கு. கால்கள் நாலடி அந்தப் பக்கம் போயும்விட்டன. பிரமிளா டாக்டரை நிமிர்ந்து பார்த்த பார்வை ஞாபகத்துக்கு வந்தது. திரும்பி நடந்தாள்.

கோயில் ஆபீசில் கேட்டாள். தெரியவில்லை. சாப்பாட்டுக் கடையில் கேட்டாள். அங்கிருந்தவர்கள் அவளை ஏற இறங்கப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று அடுத்த கடைக்குப் போனாள். கடைசியில் டாக்சிக்காரர் ஒருவர், “சர்ச்சுக்குப் பின்னால ஒரு ரூம்ல கூடுறாங்க, அதுவா பாருங்க” என்று கை காட்டினார். அவள் போய்ச் சேர்ந்தபோது பத்தே முக்கால்.

வாசலில் நின்ற பெரியவர் தன்னை நாராயணசாமி என்று சொல்லிக்கொண்டார். உள்ளே ஆறு ஆண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள்.

“குடும்பத்துக்காரங்களுக்கு புதன்கிழமைதாம்மா மீட்டிங். ஒங்க வீட்டுக்காரர வரச் சொல்லுங்க” என்றார் அவர்.

“எங்க வீட்டுக்காரரு குடிக்க மாட்டாருங்க. குடிக்கிறது நான்தான்.”

நாராயணசாமி ஒரு கணம் திகைத்து, பிறகு, “மன்னிச்சிக்கங்கம்மா. உள்ள வாங்க” என்று வழிவிட்டார்.

மூலையில் இருந்த கோகிலன் என்ற இளைஞன் நெளிந்தான். “பொம்பளைங்கள வச்சிக்கிட்டு எப்படி அங்கிள் மனசு விட்டுப் பேசறது?”

“அப்ப நீ பேசாத தம்பி. நான் பேசறேன்” என்றாள் புஷ்பா.

யாரோ சிரித்தார்கள். கோகிலனும் அடக்க முடியாமல் சிரித்துவிட்டான். அவள் பேசினாள். தொழிற்சாலையில் நைட் ஷிப்ட் முடிந்து தூக்கம் வராமல் தொடங்கியது, துணி சோப்பு டப்பாவுக்குள் போத்தலை ஒளித்தது, மகள் சொன்ன நாய்க் கதை. நடுநடுவே நிறுத்திவிட்டு மறுபடி தொடர்ந்தாள்.

அன்று வீடு திரும்பியதும் கணவன் கணேஸ்வரனிடம் நடந்ததை நடந்தபடி சொன்னாள். அவன், “எனக்குத் தெரியும்” என்று மட்டும் சொன்னான். அடுத்த முறை கிளினிக்குக்குப் போனபோது டாக்டரிடமும் உண்மையைச் சொன்னாள். பிரமிளா சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதாள்.

ஐந்தாவது வாரம், அசாம் ஜாவா என்ற ஊரில் சொந்தக்காரக் கல்யாணத்தில், பந்தலுக்குப் பின்னால் யாரோ நீட்டிய கிளாசை வாங்கிக் குடித்துவிட்டாள். ஒன்று மூன்றானது. மறுநாள் ஞாயிறு. தலை வெடித்தது. இனி எந்த முகத்தோடு போவது என்று படுக்கையிலேயே கிடந்தாள். எட்டரைக்கு எழுந்து தலைக்குக் குளித்து, அதே முகத்தோடு போனாள்.

“நேத்து குடிச்சிட்டேன்” என்றாள்.

யாரும் உச்சுக் கொட்டவில்லை. நாராயணசாமி கேட்டார்: “இன்னிக்கி?”

“இன்னிக்கி இல்ல.”

“அப்ப இன்னிக்கிலேர்ந்து எண்ணுவோம். நானே நாலு தடவ ஆரம்பிச்சவன்.”

அது நடந்து ஏழு மாதம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட் போட வந்த சூப்பர்வைசரிடம், எதற்காக முடியாது என்று ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். பிரமிளா மட்டும் இன்னும் நம்பவில்லை. அம்மா வேலை முடிந்து வந்ததும் ஏதோ தேடுகிற சாக்கில் பக்கத்தில் வந்து முகர்ந்து பார்க்கிறாள். புஷ்பாவுக்கு முதலில் சுருக்கென்றது. இப்போதெல்லாம் அவளே குனிந்து, வாயைத் திறந்து மகள் முகத்தில் ஊதிவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுகிறாள்.