மாலக்கியின் குதிகால்

மாலக்கி கட்டிய பன்னிரண்டு அணைகளில் மூன்று மட்டும் திங்கள்கிழமைதோறும் வடிந்து கிடந்தன.

இருபத்தாறு வருடம் அந்தச் சதுப்பைக் காயவைத்தவன் அவன். வாய்க்கால் வெட்டி நீரை வடித்து, பீட் என்னும் எரிமண் காய்ந்ததும் அதை இயந்திரத்தால் சுரண்டி, எரிப்பதற்கு மின் நிலையத்துக்கு அனுப்பிய ஆட்களில் ஒருவன். மின் நிலையத்தை மூடிவிட்டார்கள். இப்போது அதே வாய்க்கால்களை அதே மண்ணால் அடைத்து, சதுப்பை மறுபடி நனைக்க வேண்டும். அவனுக்கும் கூட்டாளிகள் ஐந்து பேருக்கும் மூன்று மாதச் சோதனை வேலை. அணைகள் நின்றால் பத்து வருடத்துக்கு வேலை உண்டு. நிற்காவிட்டால் வெளியூர் ஒப்பந்தக்காரர்கள் வருவார்கள். அவன் கடல் தாண்டி லிவர்பூலில் தம்பி வீட்டு மாடியறைக்குப் போக வேண்டியதுதான்.

வெள்ளிக்கிழமை முடிவு சொல்வதாக அதிகாரி ஓர்லா சொல்லியிருந்தாள். நீர்மட்டம் அளப்பவள், அவன் மூத்த மகள் வயது. மண் சரியில்லையோ என்று அவள் கேட்டதுதான் அவனைச் சுட்டது.

ஒவ்வொரு ஞாயிறும் தேவாலயத்தில் பூசை முடிந்ததும் அணைகளைத் தனியே சுற்றிப் பார்த்து வருவான். இந்த ஞாயிறு மனைவி டிம்ப்னாவும் கூட வந்தாள். லிவர்பூல் பேச்சை எடுத்தால் அழுதுவிடுவோம் என்று, அவள் மகனின் கால்பந்தாட்டத்தைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். பாதை வாய்க்காலைத் தாண்டும் முதல் இடத்தில் சட்டென்று நின்றாள்.

"மாலக்கி, உன் காலைப் பாரு."

அவன் குனிந்து பார்த்தான். குதிகால் அணையின் விளிம்பை உதைத்து ஒரு கட்டியைத் தள்ளிவிட்டிருந்தது. அந்தப் பள்ளத்தின் வழியே தண்ணீர் சந்தோஷமாக ஓடிக்கொண்டிருந்தது.

அடைத்த வாய்க்காலைக் கண்டால் உதைத்துத் திறந்துவிடாமல் பீட் இயந்திரம் ஓட்டிய எவனும் தாண்டமாட்டான். அடைப்பு என்றால் ஈரம், ஈரம் என்றால் அன்றைய பீட் அறுவடை பாழ். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே காலுக்குப் பழகிப்போன காரியம். பாதை தாண்டும் இடங்கள் மூன்று. வடிந்த அணைகளும் மூன்று.

"வாரம் பூரா கையால கட்டுற, ஞாயித்துக்கிழமை காலால உடைக்கிற," என்றாள் டிம்ப்னா. சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை.

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. கையாலேயே மண்ணை அள்ளி அந்தப் பள்ளத்தை அடைத்தான். பூசைக்குப் போட்ட கோட்டு நாசமானது.

மறுநாள் எல்லோர் முன்னாலும் ஓர்லாவிடம் சொல்லிவிட்டான். கூட்டாளிகளில் வாயாடியான டெக்லன், அந்தக் காலுக்குத் தனியாகச் சம்பளம் உண்டா என்று கேட்டான். கேட்டவன் மெதுவாகத் தன் பூட்ஸையும் பார்த்துக்கொண்டான். மற்ற நால்வரும் பார்த்துக்கொண்டார்கள்.

"நீங்க சொல்லலேன்னா யாருக்கும் தெரிஞ்சிருக்காதே?" என்றாள் ஓர்லா.

"பழி மண்ணு மேல விழுந்திருக்கும். இது நல்ல மண்ணுங்க. எனக்குத் தெரியும்."

அன்றே பாதையை வாய்க்காலிலிருந்து தள்ளி, சதுப்பின் நடுமேட்டுக்கு மாற்றினார்கள். அது மாலக்கியின் யோசனை. வெள்ளிக்கிழமை, அணைக்கு ஒன்றாக நட்டிருந்த பன்னிரண்டு அளவுக் குச்சிகளிலும் நீர் சிவப்புக் கோட்டைத் தொட்டு நின்றது. ஓர்லா இரண்டு முறை அளந்தாள். பிறகு பத்து வருட ஒப்பந்தத் தாளை அவனிடம் நீட்டி, குழுத்தலைவர் என்ற இடத்தில் அவன் பெயரை எழுதச் சொன்னாள்.

ஞாயிறு டிம்ப்னாவுக்குக் காட்டக் கூட்டிப்போனான். கறுத்துக் கிடந்த நிலம் முழுக்க, தேங்கிய நீரில் வானம் கிடந்தது. முதல் அணையருகே போனதும் அவன் குதிகால் தானாக உதைக்க எழுந்தது. ஒரு நொடி அப்படியே நின்றான். பிறகு டிம்ப்னாவின் கையைப் பிடித்துக்கொண்டு, அணையில் படாமல் அகலக் காலெடுத்துத் தாண்டினான்.

"நான் கட்டினது," என்றான்.