கருப்பட்டி விழுந்த தளம்

உலகம்மை செய்த காரியம் இன்றைக்குப் பறக்கை ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஒன்றும் தெரியாதது போல விசாரிக்கிறவர்களும் முழுக்கத் தெரிந்துகொண்டுதான் விசாரிக்கிறார்கள். ஆனால் அந்த வியாழக்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு அது அவளுக்கும் அவள் வீட்டு எவர்சில்வர் பானைக்கும் மட்டுமே தெரிந்த சங்கதியாக இருந்தது.

வீட்டுக்குப் பின்பக்கம் குளியலறையோடு சேர்த்து ஓர் அறை எழும்பிக்கொண்டிருந்தது. மகள் ஆர்த்திகா பெங்களூரிலிருந்து பிரசவத்துக்கு வருகிறாள். பழைய வீட்டில் குளிமுறிக்குப் போக நான்கு படி இறங்க வேண்டும் என்பதால் இந்தப் புது அறை. அன்று மேல்தளம் வார்க்கிற நாள். அறையின் கிழக்குப் பாதியில் தொட்டில் கட்ட ஓர் இரும்புக் கொக்கியைத் தளத்துக்குள்ளேயே பதிக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவளும் உலகம்மைதான். "பொறவு துளை போட்டு மாட்டுனா ஆடும். பிள்ளை கிடக்கப்பட்ட இடம்லா" என்றாள். கொத்தனார் ரசலையன் கம்பியோடு கம்பியாகக் கொக்கியைக் கட்டி, அதன் வளைந்த நுனியை மட்டும் கீழே தளத்தைத் தாங்கும் தகட்டுக்கு வெளியே நீட்டி விட்டார்.

உலகம்மைக்கு எதையும் ஒரு பிடி கூடுதலாகப் போட்டால்தான் மனசு ஆறும். அவள் சாம்பாருக்குக் காயம் போட்டால் மூன்று வீட்டுக்கு மணக்கும். போன மாதம் மகளிர் குழுவோடு பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனபோது, வழிகாட்டி ஒரு கறுத்த தரையைக் காட்டி, சிரட்டைக்கரியும் சுண்ணாம்பும் முட்டை வெள்ளையும் சேர்த்துப் போட்டது, இன்றும் முகம் பார்க்கலாம் என்றார். அந்தக் காலத்துச் சுவருக்குக் கடுக்காயும் கருப்பட்டியும் ஊற வைத்து ஊற்றுவார்கள், அதனால்தான் இப்படி நிற்கிறது என்றும் சொன்னார். மற்றவர்கள் தரையில் முகம் பார்த்துவிட்டு ஐஸ்கிரீம் கடைக்குப் போனார்கள். உலகம்மை அந்தப் பக்குவத்தை மனசில் முடிந்துகொண்டு வந்தாள்.

முறைப்படி ரசலையனிடம் கேட்கவும் செய்தாள். "கொத்தனாரே, கலவையில முட்டையோ கருப்பட்டியோ சேத்தா நல்ல உறுதி கிட்டுமாமே."

"முட்டைய உடைச்சி ஊத்துனா ஆம்லெட்டு வரும்க்கா. கருப்பட்டிய போட்டா காப்பி வரும். சிமெண்டு போட்டாத்தான் காங்கிரீட்டு வரும்" என்றார் ரசலையன். வேலைக்காரர்கள் ஆறு பேரும் சிரித்தார்கள். சிரிக்காமல் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

கலவை மிஷினுக்குப் பக்கத்தில் தண்ணீருக்கு இரண்டு நீல டிரம் வைத்திருந்தார்கள். முதல் டிரம்மில் பாதி வேலை முடிந்தது. எல்லோருடைய கண்ணும் மேலே தளத்தில் இருந்தபோது, உலகம்மை ஒன்றரைக் கிலோ கருப்பட்டியைக் காய்ச்சி, கல் மண் இல்லாமல் துணியில் வடிகட்டி, பானையோடு கொண்டுவந்து இரண்டாவது டிரம்மில் கவிழ்த்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போனாள். கிழக்குப் பாதி முழுக்க அந்தத் தண்ணீரில் குழைந்ததுதான்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ரசலையன் தளம் காயாமல் தண்ணீர் தேக்க வரம்பு கட்ட ஏறினார். மேற்குப் பக்கம் நடந்தார், செருப்புச் சத்தம் டக் டக் என்று கேட்டது. கிழக்கே நான்கு எட்டு வைத்தார், சத்தம் நின்றுவிட்டது.

கீழே கோலப்பொடிக் கிண்ணத்தோடு நின்ற உலகம்மை அண்ணாந்து பார்த்தாள். "என்ன கொத்தனாரே?"

ஏணியில் இறங்கிவந்த ரசலையனின் முகம் வெளுத்திருந்தது. வலது குதிகாலில் சாம்பல் நிறச் சேறு.

"அண்ணாச்சி எங்க?" என்று மட்டும் கேட்டார்.

கணவர் கைலாசநாதனும் ரசலையனும் மேலே ஏறிப் போனதும், உலகம்மை தளத்தைத் தாங்கி நின்ற முட்டுக் கம்புகளுக்கு இடையே குனிந்து புது அறைக்குள் நுழைந்தாள். நாற்பது கம்பு நின்றது. காட்டுக்குள் நுழைந்தது போல இருட்டு. கொக்கி நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு பழைய பெயிண்ட் டப்பாவில் ஏறி நின்று இரண்டு விரலால் அதைத் தொட்டாள்.

ஆடியது.

ஆடுகிற பல்லைத் தொட்டதுபோல் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். மேலே கணவரின் காலடி கேட்டது. மொத்தத் தளமும் இப்போதே தலையில் இறங்கப்போகிறது என்று தோன்றியது. வெளியே எப்படி வந்தாள் என்று அவளுக்கே நினைவில்லை. முட்டுக் கம்பில் இடித்துக்கொண்ட தோள்பட்டை இரண்டு நாள் நீலம் பாரித்துக் கிடந்தது.

கைலாசநாதன் கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். குற்றம் நடந்தால் அதைச் செய்தவன் எதிரில்தான் நிற்பான் என்பது அவருடைய சர்வீஸ் அனுபவம். எதிரில் ரசலையன் நின்றார்.

"பாதி கல்லு மாதிரி கிடக்கு, பாதி களிமண்ணு மாதிரி கிடக்கு. எனக்கு விளங்கல்ல. பாதி சிமெண்டு மூடை எங்கவே போச்சு? அந்த மூடையில என்ன இருந்து?"

"அண்ணாச்சி, ஒரே லாரியில வந்த மூடை. உங்க கண்ணு முன்னாலதானே பிரிச்சேன்."

"என் கண்ணுக்கு மூடைதான் தெரியும். உள்ள உள்ளது ஒமக்குத்தானே தெரியும்."

காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கம் நாராயணபெருமாள் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். அவர் பல் தேய்க்க வழக்கமாக மூன்று நிமிடம் ஆகும். அன்று மூன்று மணி நேரம் ஆனது. வாயில் நுரையோடு, "இப்பம் சிமெண்டுல சாம்பலு கலக்கானுவளாம். எங்க மச்சான் வீட்டுல..." என்று ஆரம்பித்தார். காபி நேரத்துக்குள் தெருவில் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. ரசலையன் இருபத்தாறு வருஷமாக இந்தப் பக்கத்தில் கட்டிய வீடுகளையெல்லாம் பெண்கள் மனசுக்குள் விரல்விட்டு எண்ணி, எதில் எப்போது விரிசல் கண்டது என்று பேசத் தொடங்கினார்கள். முந்திய வருஷம் அவரைக்கொண்டு மாடி எடுத்த ஒரு வீட்டில் அன்றைக்கே கட்டிலை நகர்த்திப் போட்டார்கள்.

உலகம்மை அடுக்களையில் நின்றாள். அரிசி களைந்தாள். களைந்த அரிசியை மறுபடியும் களைந்தாள். சொல்லாமல் இருந்தால் என்ன ஆகும்? இரண்டு நாளில் எப்படியோ இறுகிப்போகும், முட்டுக் கம்புகளைப் பிரிப்பார்கள், வெள்ளை அடிப்பார்கள். அப்புறம் ஆர்த்திகா வருவாள். கொக்கியில் சேலை கட்டுவார்கள். அதற்கு மேல் அவளால் நினைக்க முடியவில்லை. நினைக்காமலும் இருக்க முடியவில்லை. டப்பாவில் ஏறி நின்று தொட்ட அந்த ஆட்டம் விரல்நுனியிலேயே நின்றது. உளுந்து டப்பாவைத் திறக்கும்போதுகூட விரலுக்கடியில் ஆடியது.

பத்து மணிக்கு எஞ்சினியர் ஜினிஷா ஸ்கூட்டரில் வந்தாள். முப்பது வயது, குரலை உயர்த்தாத பெண். வார்ப்பு அன்று சோதனைக்காகக் கலவையை எடுத்து ஆறு இரும்பு அச்சில் நிரப்பிக்கொண்டு போனவள் அவள்தான். ஒரு சின்ன அறைக்கு இந்தப் பவுசு எதற்கு என்று அப்போது கைலாசநாதனே கேலி செய்திருந்தார்.

"அங்கிள், முதல் டிரம் ஓடும்போ எடுத்த மூணு கட்டியும் காலையில கழட்டிட்டேன். நல்லா இருக்கு. ரெண்டாவது டிரம் ஓடும்போ எடுத்த மூணும் அச்சுலயே கூழா கிடக்கு. மணலு, ஜல்லி, சிமெண்டு எல்லாம் ரெண்டுக்கும் ஒண்ணுதான்." அவள் மேலே ஏறி ஒரு நீள ஆணியைக் கிழக்குப் பக்கம் குத்தினாள். ஆணி வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. "இது இறுகல்லன்னா உடைச்சுப் பொளிச்சுத்தான் எடுக்கணும்."

ரசலையன் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் சுருட்டிக்கொண்டார். "எஞ்சினியரம்மா, என் கையில எந்தத் தப்பும் இல்ல. ஆனா பேரு போச்சு. நானே ஆளை விட்டுப் பொளிச்சுத் தாறேன். இதோட கொத்துக்கரண்டியைத் தொடுக சோலியே வேண்டாம். மருமவன் கடையில போய் இருந்துக்கிடுகேன்."

அதை அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் உலகம்மை தப்பித்திருப்பாள். அவர் மெதுவாகச் சொன்னார்.

அந்த நேரம் பார்த்து அவள் காப்பி கொண்டுவந்திருந்தாள். கருப்பட்டிக் காப்பி. பழக்க தோஷம். இறங்கிவந்த ஜினிஷா ஒரு வாய் குடித்துவிட்டு, பேச்சை நிறுத்தி, மிஷின் பக்கம் திரும்பிப் பார்த்தாள். காலியாகக் கிடந்த இரண்டாவது டிரம்மின் விளிம்பில் எறும்பு ஏறிக்கொண்டிருந்தது. ஒன்றிரண்டல்ல, கோயில் திருவிழாவுக்குப் போகிற மாதிரி ஊரோடு. பக்கத்து டிரம்மில் ஒரு எறும்புகூட இல்லை.

"இந்த டிரம் வெள்ளத்துல என்ன விழுந்துது?" என்று ஜினிஷா பொதுவாகக் கேட்டாள்.

உலகம்மை காப்பித் தட்டை அப்படியே தரையில் வைத்தாள். சுவருக்கு அப்பால் பல் தேய்க்கிற சத்தம் நின்றது.

"நாந்தான்" என்றாள். "கருப்பட்டி. உறுதிக்குப் போட்டேன்."

முதலில் வாயைத் திறந்தது ரசலையன். "எவ்வளவுக்கா?"

"ஒரு கிலோ."

அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஒண்ணரை" என்றாள்.

கைலாசநாதன் அங்கே கிடந்த மணல் குவியலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "ஏட்டி, பாயசம்னு நினைச்சியா" என்று முனகினார். ரசலையனின் முகத்தைப் பார்க்காமல் மணலைக் கிளறினார். காலையில் ரசலையனிடம் பேசியதெல்லாம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

ஜினிஷா சிரிக்கவில்லை. அதுதான் உலகம்மையை இன்னும் பயமுறுத்தியது. "ஆன்ட்டி, அவங்க அந்தக் காலத்துல போட்டது சுண்ணாம்புல. சுண்ணாம்புக்குக் கருப்பட்டி நல்லது. சிமெண்டு அப்படி இல்ல. வெள்ளம் பட்ட உடனே இறுகத் தொடங்கும். சீனியோ கருப்பட்டியோ அதைத் தொடங்க விடாது. சிமெண்டோட ஒவ்வொரு துகளையும் பிடிச்சு வச்சுக்கிடும்."

"பொறவு விடுமா?"

"விடும். எப்பம்னு சொல்ல முடியாது. சில சமயம் பிந்தி இறுகுனது நல்ல உறுதியாவும் வரும். சில சமயம் கடைசி வரை வராது. நான் கண்ணால பாத்துச் சொல்லுக விஷயம் இல்ல. ஈரச்சாக்கு போட்டு மூடி வைங்க. ஒருத்தரும் ஏறக்கூடாது. ஒரு முட்டுக் கம்பைக்கூடத் தொடக்கூடாது. இருபத்தெட்டாம் நாளு கட்டிகளை அமுக்கி உடைச்சுப் பாப்போம். தேறல்லன்னா பொளிச்சிருவோம்."

அன்று மத்தியானமே தெரு அந்த அறைக்கு அல்வாப்பெரை, அதாவது அல்வா வீடு, என்று பேர் வைத்தது. ரசலையனைச் சந்தேகப்பட்டவர்களே அவருக்காக அதிகம் பரிந்து பேசினார்கள். கட்டிலை நகர்த்தின வீட்டிலும் சத்தமில்லாமல் பழைய இடத்துக்கே நகர்த்திக்கொண்டார்கள். உலகம்மை கேலியைப் பொறுத்துக்கொண்டாள். அவளுக்கு அதெல்லாம் காதில் ஏறவே இல்லை. காலையில் எழுந்ததும் ஏணியில் ஏறி, சாக்கை ஓரமாக விலக்கி, கட்டைவிரல் நகத்தால் குத்திப் பார்ப்பாள். இரண்டாம் நாள் நகம் இறங்கியது. மூன்றாம் நாளும் இறங்கியது. நான்காம் நாள் தேங்காய்ச் சில்லைக் குத்தியது போலக் கொஞ்சம் எதிர்த்தது. ஐந்தாம் நாள் ஆர்த்திகா வீடியோவில் கூப்பிட்டு, "அம்மா, ரூமைக் காட்டேன்" என்றாள். உலகம்மை தொலைபேசியைக் கொல்லையில் நின்ற செவ்வாழை பக்கம் திருப்பி, குலை தள்ளியிருப்பதைக் கால் மணி நேரம் காட்டினாள்.

ஏழாம் நாள் நகம் உடைந்தது. அவள் அந்த உடைந்த நகத்தை எடுத்துக்கொண்டு கீழே வந்து கணவரிடம் காட்டினாள். ஆனால் பயம் உடையவில்லை. மேலே இறுகியிருக்கும், உள்ளே? அதிரசம் வெளியே சிவந்து உள்ளே மாவாக இருப்பதை எத்தனை தரம் பார்த்திருக்கிறாள். சட்டி வைத்தவளுக்கு அல்லவா தெரியும்.

இருபத்தெட்டாம் நாள் கட்டிகளை நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் மிஷினில் வைத்து உடைத்தார்கள். ஜினிஷா போன் செய்தாள். வேண்டிய உறுதி அளவு இருபது. மேற்குப் பக்கத்துக் கட்டி இருபத்துநாலில் உடைந்தது. கருப்பட்டி விழுந்தது இருபத்தாறில்.

"அப்பம் ஆன்ட்டி ஜெயிச்சாச்சு" என்று ஜினிஷா மாதிரியே கைலாசநாதன் சொல்லிப் பார்த்தார். உலகம்மை சிரிக்கவில்லை. "அது கட்டி. இது தளம்" என்றாள்.

முட்டு பிரிக்கிற அன்று ரசலையன் காலையிலேயே வந்தார். நடுவில் தொடங்கி ஓரத்துக்குப் போக வேண்டும், ஒவ்வொன்றாக, மெதுவாக. வேலைக்காரர்கள்கூட வாசல் பக்கமாகவே நின்று வேலை செய்தார்கள். உலகம்மை நேராக உள்ளே போய்க் கொக்கிக்குக் கீழே நின்றாள்.

"அக்கா, வெளிய வாங்க."

"விழுந்தா போட்டவ தலையில விழட்டும்."

"விழுந்தா என் தலையிலயும்தான் விழும். நானும் இஞ்சதான நிக்கேன்" என்றார் ரசலையன். அவள் அசையவில்லை. ஜினிஷா ஏதோ சொல்ல வந்து, வாயை மூடிக்கொண்டு, தானும் உள்ளே வந்து சுவரோரம் நின்றாள்.

ஒவ்வொரு கம்பு சாயும்போதும் உலகம்மையின் கண் இறுக மூடித் திறந்தது. தகட்டை இழுத்தபோது காய்ந்த சிமெண்டுப் பால் துண்டு ஒன்று அவள் தோளில் விழுந்தது. உயிர் போய்த் திரும்பியது. கடைசிக் கம்பும் போனது. வெளிச்சம் வந்தது. மேலே சாம்பல் நிறத்தில் தளம் நின்றது. கிழக்கும் மேற்கும் சேர்கிற இடத்தில் லேசாக ஒரு நிற வித்தியாசம் மட்டும், அவ்வளவுதான்.

எல்லோரும் மூச்சுவிட்ட நேரத்தில் அவள் வீட்டுக்குள் போய் ஒரு பழைய நூல் சேலையை எடுத்துவந்தாள். ஏணி வைத்துக் கொக்கியில் மாட்டி, முடிச்சை இரண்டு தரம் இழுத்துப் பார்த்து, தன் எழுபத்திரண்டு கிலோவையும் கொண்டுபோய் அதில் வைத்தாள். கால் இரண்டும் தரையைவிட்டுக் கிளம்பின. கண்ணை மூடிக்கொண்டாள். சேலை கிறீச்சிட்டது. கொக்கி ஆடவில்லை.

சுவருக்கு மேலே நாராயணபெருமாளின் தலை தெரிந்தது. "மயினி, தாலாட்டு பாட ஆளு வேணுமா?"

அவள் கண்ணைத் திறந்து கொக்கியைப் பார்த்தாள். பிறகும் பார்த்தாள். ரசலையன் சேலையைப் பிடித்து மெல்ல ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு, "போதும்க்கா, இறங்குங்க. இனி ஒரு யானைய கட்டுனாலும் நிக்கும்" என்றார்.

"நீங்க போய்க் காப்பி குடிங்க கொத்தனாரே. சீனிதான் போட்டிருக்கேன்" என்றாள் உலகம்மை, இரண்டு கையாலும் சேலையை இறுகப் பிடித்தபடி. "நான் இன்னும் கொஞ்சம் இருக்கேன். பிள்ளைக்கு மத்தியானத் தூக்கமே ரெண்டு மணிக்கூர் இருக்கும்லா."